பெயர் நீக்க விண்ணப்பத்துக்கு வீட்டிலிருந்து பதில்

இஸ்கியா போந்தே,
20 நவம்பர் 1988, ஞாயிறு

மகள் ரெஸ்தித்தூத்தாவுக்கு,

உன் தந்தை எழுதுவது. நானும் உன் தாய் ரஃபயேலாவும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். உன் நலத்தை விசாரிப்பது முறை என்றாலும் இம்முறை அதற்குத் தேவை இல்லை. செப்டம்பர் கடைசி வாரத்தில் நீ நல்ல நிறத்துடனும் சற்றுச் சதைப்பிடிப்புடனும் காணப்பட்டதாக, இந்தத் தீவிலேயே உன்னை நேரில் பார்த்த இருவர் எனக்குத் தெரிவித்துவிட்டார்கள். பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை ஊரார் வழியாகத் தெரிந்துகொள்ளும் நிலையில் எங்களை வைத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்லன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அது வீட்டுக்கு வரவில்லை, நகராட்சி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தது. மேலே "மதிப்பிற்குரிய குடிப்பதிவு அலுவலர் அவர்களுக்கு" என்று தட்டச்சு செய்திருந்தாய். கீழே நான்கு வரிகள். வரும் ஏப்ரலில் ஹென்னிங் என்பவரை ஹாம்பர்க்கில் மணக்கப் போவதாகவும், அங்கேயே நிரந்தரமாகப் பதிந்துகொள்ள இருப்பதால் இஸ்கியாவின் குடிப்பதிவேட்டிலிருந்து உன் பெயரை நீக்கி, நீக்கச் சான்றிதழை அஞ்சலில் அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். திருமணச் செய்தியை ஒரு மகள் தந்தைக்கு அறிவிக்கும் விதம் இதுதான் என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நீ அலுவலகத்துக்கு எழுதினாய், நான் வீட்டிலிருந்து பதில் எழுதுகிறேன், ஏனெனில் நான் சொல்லவேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு அலுவலகத் தாளில் இடம் கிடையாது.

செப்டம்பரில் நான்கு நாட்கள் இங்கே தங்கியிருக்கிறாய். நீ தங்கிய விடுதியிலிருந்து நம் வீட்டுக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். முதல் நாளே நோய் தீர்க்கும் நித்ரோதி ஊற்றுக்கு அந்த ஹென்னிங்கை அழைத்துப் போயிருக்கிறாய், தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஜெர்மன் மொழி மட்டுமே பேசிக்கொண்டு. ஊற்றில் துண்டு கொடுக்கும் நுன்சியாத்தாவும் உன்னை ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெண் என்றே எண்ணியிருக்கிறாள். ஆனால் அந்த மனிதர் குழாயடியிலிருந்து வெளியே வந்து துண்டை எடுத்து உடம்பைத் தேய்த்துத் துடைக்கத் தொடங்கியதும் உன்னால் பொறுக்கமுடியவில்லை. நம் ஊர்ப் பேச்சில், அதுவும் போந்தே தெருவின் இழுவையோடு, "ஐயோ துடைக்காத! தண்ணி இன்னும் வேலையே முடிக்கல!" என்று கத்தியிருக்கிறாய். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுற்றி நின்ற நம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். மறுநாள் காலை மீன் வாங்கும் இடத்தில், பத்துப் பேர் நடுவில், நுன்சியாத்தா என்னிடம் கேட்டாள்: "என்ன ஆனியெல்லோ, ஒம் பொண்ணு வந்திருக்காளே, முயல் கறி வச்சியா இல்லையா? ஒரு வாய் எங்களுக்கும் அனுப்பக்கூடாதா?" நான் கையிலிருந்த நெத்திலியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இருபத்துநான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வந்தார், யார் போனார் என்று கணக்கு வைத்திருப்பவன் நான். என் சொந்த மகள் வந்தது எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் கோட்டைக்குப் போயிருக்கிறாய். சீட்டு ஜன்னலில் உன் சித்தப்பா மகன் வீத்தோ இருந்ததை நீ எதிர்பார்க்கவில்லை போலும். அவன் அன்று மாலையே வந்து, உட்காராமல், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "பெரியப்பா, அவ ஜெர்மன்ல சீட்டு கேட்டா. நானும் ஜெர்மன்லயே குடுத்துட்டேன். ரெண்டு பேருமே மூஞ்சியப் பாத்துக்கல." வெளியாட்களுக்கான சீட்டையே கொடுத்திருக்கிறான். அந்தக் காலத்தில் இறந்த கன்னியாஸ்திரிகளைச் சதை வற்றும்வரை உட்கார வைத்த கல் இருக்கைகளை அந்த மனிதருக்குக் காட்டினாயாம், பிறகு அவரை விட்டுவிட்டு, மேல் மதிலில் அரை மணி நேரம் தனியாக நின்று நம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். அங்கிருந்து நம் வீட்டு மொட்டைமாடி தெரியும். அன்று உன் தாய் படுக்கை விரிப்புகளை உலர்த்தியிருந்தாள். மதிலிலிருந்து பார்ப்பதை வருகை என்று நான் ஏற்றுக்கொள்வதற்கில்லை.

உன் தாயிடம் இதைச் சொன்னபோது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை, என்மேல்தான் பாய்ந்தாள். "பெத்த பொண்ணு படகேறும்போது ரெண்டு வார்த்த நல்லதா பேசியிருந்தா அவ ஏன் ஒளிஞ்சு வர்றா, பதிவாளரே? முத்தம் குடுக்கவேண்டிய நேரத்துல படிவத்துல தேதி சரியா போட்டியான்னு கேட்ட ஆளுதானே நீங்க?" என்றாள். உண்மைதான், கேட்டேன். நீ தேதியைத் தவறாகப் போட்டிருந்தாய், அப்படியே போயிருந்தால் எல்லையில் உன்னை இறக்கிவிட்டிருப்பார்கள். அன்று துறைமுகத்தில் அத்தனை பேர் கேட்க, "நான் ஒங்களுக்கு மகளா, இல்ல ஒரு விண்ணப்பமாப்பா?" என்று நீ கேட்டாய். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விண்ணப்பம் அனுப்பியிருப்பவள் நீ.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன், இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்பவரின் பெயரைக் குடிப்பதிவேட்டிலிருந்து நீக்கி, வெளிநாடு வாழ்வோர் ஏட்டில் சேர்ப்பது விதி. நீ கேட்கத் தேவையே இல்லை, அதைச் செய்திருக்கவேண்டியவன் நான். எத்தனையோ பேரின் பெயரை இந்தக் கையால் நீக்கியிருக்கிறேன், வீத்தோவின் அண்ணன் பெயர் உட்பட. உன் பெயரை மட்டும் நீக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட உன் பெயருக்கு நேரே "தற்காலிகமாக வெளியூரில்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். மேலதிகாரி கண்டிருந்தால் என் வேலை போயிருக்கும், போயிருந்தாலும் அது நியாயம்தான். எனவே அப்பாவுக்கு விதிமுறையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அந்த மனிதரிடம் நீ சொல்லியிருந்தால், அதைத் திருத்திச் சொல்.

அந்த மனிதரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, அறிமுகமாகாதவரைப் பற்றி அபிப்பிராயம் கொள்வது என் வழக்கமன்று. ஆனால் விடுதியின் சுடுநீர்க் குளத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்து, வேகவைத்த இறால்போல் சிவந்து வெளியே வந்ததாக நுன்சியாத்தாவுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. சுடுநீரில் இறங்க முறை உண்டு: பதினைந்து நிமிடம், வெறும் வயிறு, பிறகு போர்வை சுற்றி ஒரு மணி நேரம் படுக்கை. துடைக்காதே என்று கத்தியவள் இதையும் சொல்லியிருக்க வேண்டாமா? அவருக்கு இரத்த அழுத்தம் உண்டா என்று பார். உன் தாய்க்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, சேற்றுக் கட்டுப் போட்டுக்கொள்கிறாள், படியேற முடியாமல் கீழ் அறைக்குப் படுக்கையை மாற்றிவிட்டோம். உன் விண்ணப்பம் வந்திருப்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். நான்கு முறை படித்தேன். கையெழுத்திட்ட இடத்தில் "ரீட்டா த்ரோஃபா" என்று இருக்கிறது. ஹாம்பர்க்கில் உன்னை அப்படி அழைக்கிறார்கள் போலும், முழுப் பெயர் அவர்கள் வாயில் நுழையாதிருக்கலாம். ஆனால் முதல் ஏடு முதல் கடைசி ஏடு வரை பார்த்துவிட்டேன், ரீட்டா த்ரோஃபா என்று இந்த ஊரில் எவரும் பதிவாகவில்லை. இல்லாதவரின் பெயரை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை. வேறு யாருடைய விண்ணப்பமாக இருந்தாலும் ஓரத்தில் திருத்திச் சிற்றொப்பமிட்டு அன்றே முடித்திருப்பேன். உன்னுடையதைத் திருத்தமாட்டேன். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரெஸ்தித்தூத்தா என்பவளை இந்த ஏட்டிலிருந்து நீக்கவேண்டுமானால், அவளே அந்தப் பெயரை முழுதாக, தன் கையால், என் மேசைக்கு முன் உட்கார்ந்து எழுதட்டும். அன்றே நீக்கித் தருகிறேன், ஒரு நாளும் தாமதிக்கமாட்டேன்.

நீ யார் பெயரைச் சுமக்கிறாயோ அந்தப் புனிதை உன்னையும், அவரையும்கூட, கடலிலும் கரையிலும் காக்கட்டும். குளிர்காலத்தில் காலைப் படகு அடிக்கடி ரத்தாகிறது, பிற்பகல் படகைப் பிடி. அலுவலகம் ஒன்றரை மணிக்கு மூடப்படும். அதற்குப் பிறகு வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

உன் தந்தை,
ஆனியெல்லோ த்ரோஃபா