ஆளில்லாமல் மிதந்த கப்பல்

தென்காசி,
ஜூலை 1958

மகனுக்கு,

உன் கப்பல் ஆளின்றிக் கடலில் மிதந்ததாகத் தந்தி வந்தது. ஓட்டையில்லை, தீப்பற்றவில்லை, படகுகள் மட்டும் இல்லை. பழுதில்லாத கப்பலை ஏன் விட்டிறங்கினீர்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்று என் நண்பர் சேக் மைதீன் குற்றாலத்திலிருந்து வந்தார். "வே, ஒம்ம செத்த மவன் அருவியில எண்ணெய் தேச்சுக் குளிக்கான். வீட்டுல சொல்லாதீகன்னு சொல்லுதான்" என்றார். நீ தங்கும் விடுதியையும் சொன்னார்.

நாளை உன் கருமாதி. உன் மனைவி தாலியைக் கழற்ற வேண்டும். அவளிடம் சேதியைச் சொல்லி, நிறுத்திவிடலாம் என்றேன்.

"வேண்டாம் மாமா, நடத்துங்க. உசுரோட இருந்தும் வராதவுகளுக்கு என்னத்துக்குத் தாலி?" என்றாள்.

சிற்றாற்றங்கரையில் நான்தான் பிண்டம் வைக்க வேண்டும். உயிரோடிருப்பவனுக்கு எப்படி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வைப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்