மணலுக்கா, மன்னார் வீதிக்கா

என் கல்புக்குள் இருக்கும் மகன் றிஸ்வானுக்கு, உன் வாப்பாவின் ஸலாம்.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி சரிந்து இறங்குகிறது. பேனையைப் பிடித்தால் தூண்டில் கயிற்றைப் பிடித்ததுபோல் விரல் இறுகிவிடுகிறது. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், இன்னும் இந்தப் பந்தி முடியவில்லை.

ஆனாலும் மகன், உன் வாப்பா எழுதுகிறான்! குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்குத் தமிழில் ஒரு கடைப் பலகை வாசிக்கத் தெரியாமல் இத்தனை காலம் போயிற்று. போன கிழமை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அதன் நெற்றியில் இருந்த "பாலாவி"யைச் சத்தமாக வாசித்தேன். "ஏறுறதெண்டா ஏறுங்க, இல்லாட்டி உடுங்க!" என்று கண்டக்டர் ஏசினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கற்றுத் தந்தது உன் மனைவி சிபானா. நீ போன பிறகு இத்தா இருந்த மாதங்களில் அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நானும் முற்றத்தில் நின்ற நம் ஜீப்பைத் தொடவில்லை. அழுது முடித்த பிறகு இரண்டு பேருக்கும் செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. "வாங்க மாமா, ஆனா ஆவன்னா எழுதிப் பாப்பம்" என்றாள். நீ உயிரோடு இருந்திருந்தால் நான் கற்றிருக்கவே மாட்டேன். எதையும் உன்னிடம்தானே வாசிக்கத் தருவேன்? இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, நீயே சொல்லு.

இனி ஜீப்பின் கதை. என் இடது முழங்கால் கிளட்ச் மிதித்து வீங்குகிறது என்று நீ வாங்கி வந்த, தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர்பொக்ஸ், நீ மௌத்தான பிறகும் முற்றத்தில் படங்குச் சீலைக்குக் கீழேதான் கிடந்தது. அதற்குப் பின்சில்லுகளைச் சுற்றும் எந்தப் பின்னச்சு பொருந்தும் என்று நாம் வாதாடியது முடியவேயில்லை. நினைவிருக்கிறதா?

"இதில ஓவர்டிரைவ் எண்டு கடைசிக் கியர் ஒண்டு இருக்கு வாப்பா. ரோட்டில இஞ்சினை ஆற விட்டு ஓட்டும். அதால பின்னச்சை மணலில இழுக்கிறதுக்குப் பாத்துப் போடுவம். ரோட்டை அந்தக் கியர் பாத்துக்கொள்ளும்."

"மணல், மணல் எண்டு கிட. நான் மன்னாருக்குப் போகவேணும். நீள ரோட்டுக்குப் பழைய அச்சுத்தான் சரி."

"ஜீப் எப்பவோ ரெடி. மூட்டையைக் கட்டிக் கட்டி அவிழ்க்கிறது நீங்கதானே!"

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்ற, நாம் இந்த மாம்புரிக்கு வந்தபோது நீ என் தோளில் இருந்தாய். உனக்கு மன்னார் நான் சொன்ன கதை மட்டும்தான். எனக்கு அப்படியில்லை. சண்டை முடிந்ததும் அங்கே நம் காணியில் காடு வெட்டி ஒரு தகரக் கொட்டில் போட்டேன். கடைசிக் காலத்தில் அங்கேதான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். நீ ஆலங்குடாவில் படகுகளை ஜீப்பில் கட்டிக் கரைக்கு இழுத்துப் பிழைத்தாய். ஒரே ஜீப், இரண்டு ஆசை. அந்த நேரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போன உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இத்தா முடிந்ததும் கராஜ் மெக்கானிக் நிமல் பாஸ் வந்தார். கராஜில் நீ ஒருவன்தான் தன்னோடு சண்டை பிடிப்பாய் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பழைய வேன் ஒன்றில் கழற்றிய வேறொரு பின்னச்சு தன்னிடம் இருக்கிறதாம். "நானா, முதல்ல சொல்லுங்க, ஜீப் எங்க போற? டிஃப், அச்சு எல்லாம் அதுக்குப் பிறகு" என்று அண்ணனைக் கேட்பதுபோல் தன் சிங்களத் தமிழில் கேட்டார். முதலில் நம் அச்சைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நம்முடைய அச்சு எப்படிப்பட்டது என்று பார்க்க நானும் சிபானாவும் ஒரு காரியம் செய்தோம். ஒரு பக்கம் ஜெக் வைத்துத் தூக்கி, சில்லிலும் கியர்பொக்ஸிலிருந்து அச்சுக்கு வரும் நடுத்தண்டிலும் சோக்கால் கோடு போட்டோம். அவள் சில்லை ஒரு சுற்றுச் சுற்ற, நான் கீழே படுத்துத் தண்டின் சுற்றை எண்ணினேன். இரண்டு சுற்றும் கொஞ்சமும்தான்! இவ்வளவு குறைவாகச் சுற்றினால் இஞ்சினுக்கு வேலையே இல்லை, மத்தியான ளுஹருக்கு முதல் மன்னாரில் நிற்கலாம் என்று துள்ளிக்கொண்டு பாஸுக்கு போன் எடுத்தேன்.

"நானா, மத்தப் பக்கம் டயர் நிலத்திலயா?"

"ஓம்."

"அப்ப அது பாதிக் கணக்கு! வீல் ரெண்டு தரம் சுத்தணும். நீங்க மன்னாருக்குப் பாதி ரோட்டுதான் போன."

மறுபடி எண்ணினோம். நான்கும் கொஞ்சமும். பாஸிடம் இருந்த அச்சில் கிட்டத்தட்ட ஐந்து. கூடச் சுற்றினால் இழுவை கூட, அதுதான் நீ சொன்ன மணல் அச்சு. சிபானா சிரித்துவிட்டாள் மகன். நீ போன பிறகு முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, சில்லில் தலையைச் சாய்த்து அழுதாள். நான் ஜீப்புக்குக் கீழேயே படுத்திருந்தேன். 

ஆனாலும் நான் பழைய அச்சைத்தான் வைக்கச் சொன்னேன். பாஸ் கியர்பொக்ஸை மட்டும் பூட்டினார். கிளட்ச் இல்லாததால் சிபானாவே ஓட்டப் பழகிவிட்டாள். பாஸையும் ஏற்றிக்கொண்டு பாலாவிப் பக்கம் போனோம். சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. கடைசிக் கியர் விழும், இஞ்சின் முனகும், கியர் கழன்று கீழே வரும், திரும்ப விழும். மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டு போனோம். "காத்து அடங்கினா சரியாயிடும்" என்றேன். பாஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆலங்குடாவில் படகு ஒன்றைக் கட்டினோம். நம் பழைய கியர்பொக்ஸின் முதல் கியருக்கு இருந்த இழுவை இதன் முதல் கியருக்கு இல்லை. அச்சும் கை கொடுக்கவில்லை. ஜீப் உறுமியது, எண்ணெய் சூடேறி மணத்தது, படகு அசையவில்லை. "என்ன மாமா, ஜீப்பும் நோன்பா?" என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். சிபானா இறங்கிப் போனாள். அவர்களோடு நின்று படகுக்குத் தோள் கொடுத்தாள். முக்காடெல்லாம் உப்புத் தண்ணீர். 

வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். "மாமா, நீங்க ஜீப்பைக் கொண்டு மன்னாருக்குப் போங்க. உங்கட எத்தின வருஷத்து ஆசை. நான் உம்மா வீட்டில இருந்துகொள்ளுவன்."

"ஜீப் இல்லாம என்னத்தைச் சாப்பிடுவாய்?"

"அல்லாஹ் இருக்கான்தானே."

நான் நீ அடங்கியிருக்கும் கபுறடிக்கு வந்தேன். வந்தது உனக்குத் தெரியுமா? யாஸீன் ஓதிவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். மன்னாரில் என் வாப்பாவின் கபுறு இருக்கிறது. அவரோடு போய்க் கிடக்கத்தானே இத்தனை காலம் ஆசைப்பட்டேன். ஆனால் உன்னை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவேன்? மகனாகத் திரும்பிப் போக நினைத்தவன், வாப்பாவாக இங்கே மாட்டிக்கொண்டேன். அங்கிருந்தே பாஸுக்கு போன் எடுத்தேன்.

"மணலுக்கான அச்சைப் போடுங்க, பாஸ்."

"அப்ப மன்னார்?"

"ஜீப் சிபானாவுக்கு. ஆலங்குடாவில ஓடும்."

"றிஸ்வானும் அதுதான் சொன்ன" என்றார். மன்னார்க் கொட்டிலை என் தம்பியின் மகனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்குப் பிள்ளைகள் அதிகம், வீடு வேண்டும். சிபானாவிடம் சொன்னபோது அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். நான் அப்படியே குடித்துவிட்டேன்.

புதன்கிழமை அச்சு மாறுகிறது. படகு ஏறியதா, சோளகத்தில் கடைசிக் கியர் கழலாமல் நின்றதா என்று வருகிற கிழமை எழுதுகிறேன். நிற்கும் என்று நீதான் சொன்னாய். நின்றால் உன்னிடம் ஓடிவந்து சொல்லவேண்டும், நிற்காவிட்டால் உன்னிடம்தான் கேட்கவேண்டும். இரண்டுக்கும் நீ இல்லை, மகன். ஆனாலும் எழுதுவேன்.

மாம்புரியை விட்டு இனி எங்கும் போகாத,
உன் வாப்பா