செக்குமேட்டுத் தெருவில் ஏழு பூட்டுகள்

திருவண்ணாமலை,
6.4.1986

தம்பி ராஜமாணிக்கத்துக்கு,

நீ செய்தது துரோகம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

எண்ணெய் மில் மூடி, மழையும் பொய்த்து, எங்கள் தெருவே கடனில் கிடந்தபோது நீ சென்னையிலிருந்து வந்து, என் வீடு நீங்கலாக மற்ற ஏழு வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கினாய். "வித்துட்டாலும் இங்கயே இருங்க, வாடகை குடுத்தா போதும், யாரையும் கிளப்ப மாட்டேன்" என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாய். அதைப் பத்திரத்தில் எழுதலாமா என்று அடுத்த வீட்டுத் தருமன் இழுத்தான். அவன் பெண்சாதி பச்சையம்மாள்தான் அடக்கினாள்: "கஸ்தூரியக்கா எதிர்லயே சொல்றாரு, அதுக்கு மேல இன்னா எழுத்து? கேட்டா அக்காவ நம்பலன்னு ஆயிடும்." என் முகத்துக்காக ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை.

நேற்று உன் ஆள் சுப்பிரமணி, தருமன் வீட்டுப் பாத்திரங்களை வாசலில் எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினான். மற்ற ஆறும் ஏற்கெனவே பூட்டியாயிற்று. பச்சையம்மாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். சாவிகளை என்னிடம் கொடுக்கச் சொன்னாயாம். நான் கையை நீட்டவில்லை.

உன் அக்கா,
கஸ்தூரி

சென்னை,
14.4.1986

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

நானும் சரோஜாவும் நலம். இரும்புக் கடையும் பரவாயில்லை. உன் கோபம் ஒருநாள் ஆறும்.

யாரும் எட்டிப் பார்க்காத தெருவில் ரொக்கம் கொடுத்து வாங்கியவன் நான். அதில்தான் அவர்கள் கடனை அடைத்தார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டை லாட்ஜ் கட்டுகிறவன் வாங்க மாட்டான், அக்கா. மாவட்டத்தைப் பிரிக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது. மலை சுற்ற வரும் கூட்டமும் ஜாஸ்தியாகிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் அந்தத் தெரு பொன். உன் வீடும் சேர்ந்தால்தான் முழு விலை.

பத்திரத்தில் இல்லாத வார்த்தைக்காக நீ ஏன் மனதைப் புண்ணாக்கிக்கொள்கிறாய்? இங்கே வந்துவிடு. மாடியில் தனி அறை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது.

என்றும் உன்
மாணிக்கம்

திருவண்ணாமலை,
2.8.1986

தம்பிக்கு ஆசீர்வாதம். சரோஜாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பள்ளிக்கூடம் போகாமல், மளிகை கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். "பத்திரத்தில் இல்லாத வார்த்தை" என்ற உன் வரியைக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

பால்கார வேடியப்பன் தெருவுக்குள் வருவதை நிறுத்திவிட்டான். "ஒரு வூட்டுக்காக சைக்கிள திருப்பணுமா, பெரியம்மா? பேசாம நீங்களே ஒரு மாடு வாங்கிக்கோங்க" என்று சிரிக்கிறான். முனைக்குப் போய் வாங்கி வருகிறேன். தெரு விளக்கு எரிவதில்லை. முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டேன், யாருக்காக எரியவேண்டும் என்று கேட்கிறார்கள். போன வருஷம் தருமனின் தாயார் இறந்தபோது, எடுக்கும்வரை இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. எனக்காக மூட்டாமல் இருக்க இப்போது எந்த வீடு இருக்கிறது?

பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். தருமனும் பச்சையம்மாளும் அங்கே கடலைக்காய் ஆயும் கூலி வேலையில் இருக்கிறார்கள். என் வீட்டுப் பின்கட்டில் வந்து இருக்கச் சொன்னேன். பச்சையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் தம்பி பூட்டனாரு, சரி. கூடத்துல உக்காந்து கேட்ட நீ இன்னா பண்ண? வந்தா எங்க வூட்டுக்குத்தான் வருவோம். அடுத்தவங்க பின்கட்டு எதுக்கு?" என்றாள். என்னை ஒருநாளும் "நீ" என்றவள் இல்லை அவள்.

தெருவில் நான் இருமினால் எதிர்ச் சுவர்தான் இருமுகிறது.

கஸ்தூரி

சென்னை,
27.10.1986

அக்கா,

வாங்குகிற ஆள் தீபத்துக்கு முன்னால் வருகிறார். எட்டு வீடும் சேர்த்துத்தான் கேட்கிறார். உன் முடிவை உடனே எழுது. பழைய பேச்சு வேண்டாம்.

மாணிக்கம்

திருவண்ணாமலை,
3.11.1986

ராஜமாணிக்கத்துக்கு,

விற்கமாட்டேன். வாங்குகிறவர் வந்தால் தெருமுனையிலேயே சொல்லி அனுப்புவேன்.

இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன். தருமன் வீட்டுப் பூட்டை நீயே வந்து திறக்கவேண்டும், ஆளை அனுப்பாதே. கீழ்பென்னாத்தூருக்குப் போய் அவர்களை நீயே கூப்பிடவேண்டும். சரோஜாவும் கூடப் போகவேண்டும்; பெண்பிள்ளை வந்து கூப்பிட்டால்தான் பச்சையம்மாள் இறங்குவாள். பாத்திரங்களைச் சுப்பிரமணி தன் கையால் உள்ளே எடுத்து வைக்கவேண்டும். மற்ற ஆறு வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்து வைப்பது என் வேலை. நாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அதுவரை இந்தத் தெருவில் இருக்கவேண்டியவள் நான். காலையில் பாலுக்கு நான் முனைக்கு வராவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டியது வேடியப்பன். ஆள் சேர்த்துத் தூக்கவேண்டியதும் அவன்தான், ஒப்புக்கொண்டிருக்கிறான்.

உனக்குத் தந்தி அடிக்கவேண்டியவர் யாரும் இல்லை.

கஸ்தூரி