உண்மை வாக்கியம் மட்டும்

ஜூன் 3, திங்கள்

நாளை மாலை ஆங்கில வகுப்புக்கு 'புட் அப் வித்' (put up with). அகராதி 'பொறுத்துக்கொள்' என்று முடித்துவிடுகிறது, போதாது. பிடிக்காத ஒன்றோடு, விட்டுப் போகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது. பிடித்ததற்கு இதைப் போடக் கூடாது. மூன்று சொல்லும் சேர்ந்துதான் ஒரு வினை. ஒன்றை விட்டாலும் நான் படித்த கான்வென்ட்டில் எங்களை எழுந்து நிற்க வைப்பார்கள்.

மாணவர்கள் மூவர்: தையல்காரி, நர்ஸ், பஸ் கண்டக்டர். நாலாவதாக, என்னோடு இருக்கும் தங்கை. சும்மாதானே இருக்கிறாள் என்று நான் உட்கார வைத்தது. விதி ஒன்றுதான். கற்பனை வாக்கியம் செல்லாது. அந்த வாரம் கண்டது, கேட்டது மட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பொறுத்துக்கொள்வதாகக் கண்டக்டர் சொன்னார். சரி. நர்ஸ், தன் மேட்ரனை. அதுவும் சரி. தையல்காரி, மழையை.

"இந்த வாரம் எங்கே மழை? கற்பனை. நிஜமா ஒண்ணு சொல்லு."

திணறினாள். தங்கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், சொல் சொல்லாக: உங்கள் தங்கை இத்தனை வருஷமாக உங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார், மாதக் கடைசியில் தன் மகள் வீட்டோடு போய்விடுகிறார்.

காலம், வினை, மூன்று சொல் – பிழையே இல்லை. "சரி" என்று சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

கண்டக்டர் மேஜை விரிப்பைப் பார்த்தார். நர்ஸ் பேனாவை மூடினாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் கூடத்தில், என் எதிரே உட்கார்ந்துகொண்டு.

ஜூன் 5

தங்கையோடு பேசவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கேட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் சொன்னியே, என்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"போறதுக்கு ரெண்டு துணி தைக்கக் குடுத்தேன். எதுக்குன்னு அவ கேட்டா, சொன்னேன். உன்கிட்ட சொன்னா நீ முதல்ல வாக்கியத்தைத் திருத்துவே அக்கா. அப்புறம்தான் விஷயத்துக்கே வருவே."

"அப்படி என்னத்தைப் பொறுத்துக்கிட்டே?"

"நான் வெங்காயம் நறுக்கறதை நீ திருத்தறதுலேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டே கேட்கிறாள். என் வீட்டுக்காரர் போனபோது, "நீ தனியா இருக்கக் கூடாது" என்று பெட்டியோடு வந்து நின்றவள் இவள்தானே? அவள் ரேடியோ, அவள் குறட்டை, நாள் கணக்கில் வாளியில் ஊறும் அவள் துணி – பொறுத்துக்கொண்டது நான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன். துரோகி. எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடிக்க மனசு வரவில்லை.

ஜூன் 29, சனி

போய்விட்டாள். டாக்ஸியில் ஏறுமுன், "போயிட்டு வரேன் அக்கா" என்றாள். "ம்" என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குத்தான் எதுவும் சொல்லப்படவில்லையே.

ஜூலை 2, செவ்வாய்

வகுப்பு நடந்தது. இடையில் டீ போடுவது அவள் வேலை. இன்று நான் போட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சர்" என்றார் கண்டக்டர். நர்ஸும் தலையாட்டினாள். தையல்காரி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றுகூடக் கேட்டாள்.

அவர்கள் போன பிறகு, ஆறிப்போயிருந்த என் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே போடவில்லை.

மற்ற மூன்று கோப்பையும் காலி.