சண்டைக்கு வராத குகன்

ஜூன், செவ்வாய் இரவு

இன்று குகன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதனால்தான் நித்திரை வரவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் புருசெத் பகுதிக் கோப்பிக் கடையில் இருந்து, நாங்கள் பார்க்கும் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியை இருவரும் பிரித்து மேய்வோம். இந்த முறை வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு அணிக்கு இடிக்கிறது; யாரையாவது வேறு அணிக்குத் தள்ளிவிட வேண்டும். வயதான கோல்காப்பாளரின் பெரிய சம்பளத்தை இன்னொரு அணி சும்மா ஏற்காது. கூடவே நல்ல இளம் வீரன் ஒருவனையும் கொடுக்க வேண்டும். குகன் தலையில் தூக்கி வைத்து ஆடும் அந்தப் பொடியனையே கொடுக்கலாம் என்றேன். மேசையில் குத்துவான் என்று பார்த்தேன்.

"ஓமடாப்பா, நீ சொல்றதும் சரிதான்" என்றான். கோப்பிக்கும் அவனே காசு கொடுத்தான்.

தாதியாக இருக்கும் அவன் மனைவிக்கு, இங்கிருந்து ரயிலில் ஏழு மணித்தியாலம் போகவேண்டிய பேர்கன் நகர ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கலாம் என்று போன கிழமை ஒரு கதை வந்தது. கேட்டதற்கு, "சும்மா கதைக்கினம், விடு" என்றான்.

நாளைக்கு அந்தப் பொடியனுக்கு ஒழுங்காகச் சறுக்கவே தெரியாது என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன். அதற்கும் தலையாட்டினான் என்றால், போகிற நேரத்தில் என்னோடு சண்டை வேண்டாம் என்று பார்க்கிறான்; பேர்கனில் வீடே பார்த்துவிட்டார்கள்.