மூவருக்கு மூன்று தந்தை பெயர்

பெருமதிப்பிற்குரிய கணவர் ஹப்தோம் அவர்களுக்கு, லண்டனிலிருந்து லெதெப்ரஹான் வணக்கத்துடன் வரைவது. தாமதத்தைப் பொறுத்தருள்க. அடிஸ் அபாபாவில் தாங்களும் மகள் வின்தாவும் நலந்தானே? தங்கள் மூட்டுவலி தணிந்ததா?

அகதிகளின் குடும்பங்களை இணைக்கும் சட்டத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழு, சென்ற வாரம் என்னை அழைத்து விசாரித்தது. அஞ்ச வேண்டாம், மிகுந்த மரியாதையுடன் நடத்தினார்கள். நம் மூவருக்கும் குடும்பப் பெயர் வேறுவேறாக இருந்ததால் தங்கள் இருவருக்கும் விசா மறுக்கப்பட்டதைச் சொன்னேன். நம் எரித்திரிய நாட்டில் அவரவர் தந்தையின் பெயரே உடன்வரும், திருமணம் அதை மாற்றாது என்றும் விளக்கினேன்.

"அப்ப கல்யாணம் ஆனதுக்கு என்னம்மா அடையாளம்?" என்றார் ஓர் உறுப்பினர்.

"போன்ல இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், ஐயா" என்றேன். அவை சிரித்தது.

குழுத் தலைவி அம்மையார், "நானும் எங்க அப்பா பேரைத்தான் வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கலையே" என்றார். அமைச்சரிடம் விளக்கம் கேட்பதாகவும் உறுதியளித்தார். முடிவு எதுவாயினும், என் சொல்லுக்கு ஓர் அவை செவிசாய்த்த நன்றியால் நெஞ்சு நிறைந்திருக்கிறது.

திரும்பும் வழியில் வின்தாவுக்குக் குளிர்காலக் காலணி வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். என்ன அளவு என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பாதத்தை அளந்து விரைவில் பதில் எழுதுங்கள்.

தங்கள்
லெதெப்ரஹான்