நீ எழுதி அனுப்பிய பீர் சமையல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பியும் நன்றாக இருக்கிறோம். அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மீதியைப் படித்தால் உனக்கே புரியும். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் விட்டதா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே என்று எத்தனை தடவை சொல்வது. தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அதிலிருந்து அந்தத் துரைக்கு வீட்டில் கால் தரிப்பதில்லை.

போன மாதம் போர்க் சாப்ஸில், அதான் எலும்போடு வெட்டிய பன்றிக் கறித் துண்டில், பீர் ஊற்றிச் சமைப்பது எப்படி என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உன் கடிதத்தை அப்பாதான் உரக்கப் படித்தார். கொதித்தால் போதையெல்லாம் ஆவியாகப் போய்விடும் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். குடித்துவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாரே, நல்லவேளை பிள்ளைகளெல்லாம் இறங்கிவிட்டிருந்தார்கள், அன்றைக்கு விட்டவர் ஏழு வருடமாகத் தொடவில்லை. இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். முதல் பாட்டிலை வாங்கி வந்ததே நான்தான், யாரைக் குறை சொல்ல.

முதல் ஞாயிறு, மக சொன்ன சமையல், நானேதான் செய்வேன், நீ இந்தப் பக்கமே வராதேன்னு என்னை விரட்டிவிட்டார். உப்பும் மிளகும் தடவி, துண்டுகளை இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, வெங்காயம் வதக்கி, ஒரு பாட்டில் பீரையும் ஊற்றி மூடி வைத்தார். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது, குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்ற தம்பி தட்டை நக்காத குறைதான். அடுத்த ஞாயிறும் அதே சமையல். கறி பரவாயில்லை, குழம்பு மட்டும் பாதிதான் இருந்தது. தீ கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சுன்னார். மூன்றாவது ஞாயிறு வாணலி அடிபிடித்துவிட்டது, கறி செருப்புத் தோல் மாதிரி இருந்தது. ஒட்டியிருந்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கருகல் வாடைதான், பீரின் ருசி துளிகூட இல்லை, வெறும் வெங்காயமும் தண்ணீரும். பாட்டிலோ காலி. அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாணலியைத் தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக அவர் பாடி நான் கேட்டதில்லை.

இப்போதும் அவர் ஓட்டுகிற அந்த பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் கண்ணு. கேட்டால், என்னையே சந்தேகப்படுறியான்னு ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவார், அப்புறம் மறைத்துச் செய்வதைத் துணிந்தே செய்வார். நீ ஒன்று செய், பீர் தேவையே இல்லை, ஆப்பிள் ஜூஸ்தான் சரி, தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு கடிதம் போடு. என் பேச்சைத் தட்டினாலும் உன் பேச்சைத் தட்டமாட்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டு உறை தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா சாப்பிட வந்துவிட்டார், பஸ் தெருமுனையில் நிற்கிறது. கடைப் பையைச் சமையலறையில் வைத்த சத்தம் கேட்டது, பாட்டிலோடு பாட்டில் உரசுகிற சத்தம். இன்றைக்குப் புதன்கிழமை, வீட்டில் கறியும் இல்லை ஒன்றும் இல்லை. மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும், இப்போது மணி ஒன்றரை. உன் கடிதம் வரும்வரை இனி காத்திருக்க முடியாது. வாசல் ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர் கேட்பார், நான் கொடுக்கப் போவதில்லை, என்ன நடந்தாலும் சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ நல்லபடியாக இரு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. அந்த ஆப்பிள் ஜூஸ் கடிதத்தை அப்பா பெயருக்கே போடு, மறந்துவிடாதே. சமையலறையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

உன் அம்மா